டேங்க் ரப்பர்

பென்னலூரில் ஏரிக்கரைக்குக் கீழே, அம்மன் கோயிலுக்குப் போகிற வண்டிப்பாதையை ஒட்டிப் பரசுராமனின் ஷெட் இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், மூன்று பக்கம் செங்கல் சுவர், வயலைப் பார்த்த பக்கம் மட்டும் தென்னந்தட்டி. தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில் எங்கள் பக்கம் இப்போது இருக்கிற கம்பெனிகள் எதுவும் வந்திருக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் வேர்க்கடலை போட்டார்கள். வல்லம் வடகாலில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்தான். பெங்களூர் ரோட்டோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புகைபோக்கிகள் தெரியும். ஆகவே ஊருக்குள்ளேயே மூன்று கம்பிக் கரண்டு இழுத்துத் தொழில் நடக்கிற இடம் என்றால் அது பரசுராமனுடையது ஒன்றுதான். பெயர்ப்பலகை கிடையாது. ‘ரப்பர் ஷெட்டு’ என்றால் எல்லாருக்கும் தெரியும். கிழக்குக் காற்று அடித்தால் கந்தகமும் ரப்பரும் சேர்ந்து வெந்த வாடை எங்கள் வீட்டு அடுப்படிவரை வரும்.

பரசுராமன் அதற்கு முன்னால் அம்பத்தூரில் ஒரு பெரிய ரப்பர் தொழிற்சாலையில் பிரஸ் ஓட்டினான். ஸ்டிரைக், லாக்கவுட் என்று இழுத்து அதை ஒருநாள் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அங்கே ஷிப்ட் இன்ஜினியராக இருந்த இராமச்சந்திரன், அதே அம்பத்தூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையைச் சொந்தமாக ஆரம்பித்தார். பரசுராமன் வேலை கேட்டுப் போனபோது, வேலை எதற்கு, ஊரில் இடம் இருக்கிறதே, நீயே ஒரு பிரஸ் வாங்கிப் போடு, ஓட்ட வேண்டியதை நான் தருகிறேன் என்று அவர்தான் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். கையில் கிடைத்த செட்டில்மென்டைப் போட்டுப் பரசுராமன் ஒரு பழைய பிரஸ்ஸை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, அவன் மனைவி அம்சவல்லி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தாள்.

அந்த ஷெட்டில் செய்தது ஒரே ஒரு பொருள். மொபெட்டில் பெட்ரோல் டேங்க் இரும்பின்மேல் நேராக உட்காராது. உட்கார்ந்தால் அதிர்ந்து விரிசல் விடும். நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு உருண்டையான ரப்பர் வைப்பார்கள். அதுதான் டேங்க் ரப்பர். வண்டியைக் கழற்றினால்தான் கண்ணில் படும். கறுப்புத் தகடாக வருகிற ரப்பரைப் பட்டை பட்டையாக வெட்டி, நிறுத்து, அச்சின் குழிகளில் திணித்து, கொதிக்கிற இரண்டு இரும்புப் பலகைகளுக்கு நடுவில் தள்ளி அழுத்த வேண்டும். வெந்ததும் பித்தளைக் கம்பியால் நெம்பி எடுத்தால் ரப்பர் வரும், சுற்றிலும் பிசிறோடு. பிசிறைப் பெண்கள் உட்கார்ந்து கத்தரிக்கோலால் நறுக்குவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் வெயிலும் பிரஸ் சூடும் சேர்ந்து சித்திரையில் உள்ளே நிற்க முடியாது. பரசுராமன் இடுப்பில் ஈரத்துண்டோடு நிற்பான். அம்சவல்லி ஒரு குடத்தில் மோரைக் கரைத்து உப்பு போட்டு வைத்திருப்பாள். அதிலும் ரப்பர் வாடை அடிக்கும். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ரப்பர்த் தகடு இராமச்சந்திரனிடமிருந்து வரும். அச்சும் அவருடையது. டை என்பார்கள் அதை. செய்து முடித்ததை அவருடைய மெட்டடார் வேன் வந்து எடுத்துப் போகும். அவர் அதை மொபெட் தொழிற்சாலைக்கு அனுப்புவார். அந்தத் தொழிற்சாலை செங்கல்பட்டு போகிற வழியில் எங்கேயோ இருக்கிறது என்று மட்டும் பரசுராமனுக்குத் தெரியும். போனதில்லை. ஆனாலும் பெங்களூர் ரோட்டில் ஒரு மொபெட் போனால் நின்று பார்ப்பான். “இன்னா பாக்கற?” என்று யாராவது கேட்டால், “நம்ம வண்டி” என்பான்.

அம்சவல்லி வேறு மாதிரி. வயல் வேலைக்குப் போய் வளர்ந்தவள். பிசிறு வெட்டுகிற பெண்களைக் கூட்டி வைத்தது, கரண்டு போனால் வெந்தும் வேகாமலும் நின்ற ரப்பரைச் சுரண்டி எடுத்தது, வேன் டிரைவர் கன்னியப்பனிடம் அடுத்த லோடு எப்போது என்று கேட்டு வைத்தது எல்லாம் அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுங்குவார்சத்திரத்தில் பம்புசெட்டுக் கடை வைத்திருந்தவர் ஒருவர், ஃபுட்வால்வுக்கு வாஷர் செய்து தருவீர்களா என்று கேட்டார். அவளுக்கு ஆசையாக இருந்தது. நம் கையிலேயே ஒரு டை இருக்கட்டும், சின்னதாக இருந்தாலும் நம்முடையதாக இருக்கட்டும் என்று தன் வளையலைக் கழற்றக்கூடத் தயாராக இருந்தாள். பரசுராமன் இராமச்சந்திரனிடம் போய்க் கேட்டான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கெல்லாம் உனக்கு நேரம் ஏது, ஆர்டர் கூடுகிறது, இன்னொரு பிரஸ் போடு, இன்னொரு டை தருகிறேன் என்றார். பரசுராமன் சந்தோஷமாகத் திரும்பி வந்தான். பேங்கில் கடன் வாங்கி இரண்டாவது பிரஸ்ஸைப் போட்டார்கள். வாஷரைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய வாரத்தில்தான் முதன்முதலாகத் தகடு குறைந்து வந்தது. டில்லியில் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேப்பர் படித்துப் பேசிக்கொண்டார்கள். பரசுராமனும் கேட்டுக்கொண்டு நின்றான். அதற்கும் தன் ஷெட்டுக்கும் என்ன என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு கன்னியப்பன் சொன்னான். தவணையில் வண்டி வாங்குகிறவர்களுக்கு பேங்கில் கடன் தருவதில்லையாம். மொபெட் தொழிற்சாலையின் மைதானத்தில் விற்காத வண்டிகள் வரிசை வரிசையாக மழையில் நிற்கின்றனவாம். ரப்பரில் கலக்கிற கரிப்பொடியும் எண்ணெயும் விலை ஏறிவிட்டதாம்.

ஆவணியில் வேன் வாரம் ஒருதரம் வந்தது. புரட்டாசியில் எப்போது வரும் என்றே தெரியவில்லை. ஒரு பிரஸ்ஸைத் துணி போட்டு மூடினார்கள். பிசிறு வெட்டின பெண்களில் கோவிந்தம்மா முதலில் தானாகவே நின்றுகொண்டு களையெடுக்கப் போனாள். மற்றவர்களையும் அம்சவல்லி ஒவ்வொருவராக நிறுத்தினாள். ரத்னாவை மட்டும் நிறுத்த அவளுக்கு வாய் வரவில்லை. ரத்னாவின் புருஷன் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளை. வேலை இல்லாத நாளிலும் ரத்னா கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். ஷெட்டைப் பெருக்குவாள். அம்சவல்லியோடு உட்கார்ந்து காராமணி உரிப்பாள். மத்தியானம் களியோ சோறோ இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

அந்த யோசனையை முதலில் சொன்னது அம்சவல்லிதான். அதற்காக அவள் பின்னால் பட்ட வேதனை கொஞ்சமல்ல. ஒருநாள் சாயங்காலம் கருவாட்டுக் குழம்பைக் கூட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, செய்யறது நாம. அவரு வாங்கிக் கைமாத்தித் தர்றாரு. அத நாமளே நேரா அந்தக் கம்பெனிக்குக் குடுத்தா இன்னா? அவங்களுக்கும் கம்மி வெல ஆவும் இல்ல?”

“இராமச்சந்திரன் சாருக்குத் துரோகம் பண்ணச் சொல்றியா?”

“துரோகம் இன்னாங்க துரோகம். வேல குடுத்தா நாம ஏன் போறோம்? கேட்டுதான் பாருங்க. வேணாம்னா வந்துடுங்க.”

அவன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். ஆனால் சொன்னது உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. அந்த மாதத் தவணைக்குப் பேங்கிலிருந்து ஆள் வந்து ஷெட் வாசலில் நின்று பிரஸ்ஸைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நல்லதாகப் பார்த்து எடுத்த டேங்க் ரப்பர்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோயில் போகிற பஸ்ஸில் ஏறினான். மே மாதம் அந்த ஊரில் குண்டு வெடித்த கொடுமைக்குப் பிறகு எங்கள் பக்கம் பை வைத்திருந்தாலே போலீஸ் திறக்கச் சொல்லும். கான்ஸ்டபிள் ஒருவர் பையில் கைவிட்டு ஒரு ரப்பரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். மொபெட்டில் டேங்குக்குக் கீழே இருக்கிறது என்று பரசுராமன் விளக்கினான். தன்னிடமே மொபெட் இருக்கிறது, இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார் அவர். பரசுராமன் சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அது ஒன்றுதான் என்று பிறகு அம்சவல்லியிடம் சொல்லியிருக்கிறான்.

வல்லத்தைத் தாண்டி ஒரகடம்வரை ரோட்டின் இரண்டு பக்கமும் நாற்று நட்டிருந்தார்கள். ஏரிகள் பாதிதான் நிறைந்திருந்தன. மழை பெய்யப் போகிற மாதிரி மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

தொழிற்சாலை வாசலில் வெகுநேரம் காத்திருந்தான். கன்னியப்பன் சொன்னது பொய்யில்லை. கம்பி வேலிக்குள் மொபெட்டுகள் சீட்டுக்கு பிளாஸ்டிக் உறையோடு வரிசையாக நின்றன. அத்தனை வண்டியிலும் டேங்குக்கு அடியில் தன் ரப்பர் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தான். எப்போதும் வருகிற பெருமை அன்றைக்கு வரவில்லை. கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். பர்ச்சேஸில் இருந்தவர் ஜெபகுமார் என்கிற இளவயதுக்காரர். நன்றாகப் பேசினார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பரசுராமன் மேஜையின்மேல் ரப்பர்களை எடுத்து வைத்தான். அவர் ஒன்றை அழுத்திப் பார்த்து, வளைத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்.

“இது நீங்க செய்யறதா? எங்க சப்ளையர் இராமச்சந்திரன்னுல்ல இருக்கு.”

“அவருகிட்டருந்து எடுத்துச் செய்யறோம் சார். ஆரம்பத்துலருந்தே எங்க ஷெட்டுலதான் ஆவுது.”

“டிராயிங் உங்ககிட்ட இருக்கா?”

“இல்ல சார். அவருகிட்ட.”

“டை?”

“அதுவும் அவுருதுதான்.”

“ரப்பர் காம்பவுண்டு நீங்க கலக்கறீங்களா?”

“அவரே கலந்து அனுப்பிடுவாரு சார்.”

ஜெபகுமார் கொஞ்ச நேரம் ரப்பரை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, குத்திக்காட்டுகிற தொனி எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்கிற மாதிரியே கேட்டார்.

“அப்போ உங்களுதுன்னு எது இருக்கு?”

“பிரஸ்ஸு சார்” என்றான் பரசுராமன். “ரெண்டு.”

சப்ளையர்கள் வெளியே வேலை தருவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது, இராமச்சந்திரன் சொல்லவில்லையே என்று ஜெபகுமார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முகம் வாடிய பரசுராமனைப் பார்த்து, கவலைப்படாதீர்கள், நானே அவரிடம் பேசுகிறேன், உங்களுக்கு வேலையைக் குறைக்க வேண்டாம் என்று சொல்கிறேன் என்றார். உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார். வேண்டாம் சார், சொல்லாதீர்கள் என்று பரசுராமன் இரண்டுமுறை சொன்னான். ஏன் என்று அந்த மனிதருக்கு விளங்கவில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டு வந்தவனுக்கு அம்சவல்லி தலை துவட்டித் துண்டு கொடுத்தாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்க, “என்னாண்ட இன்னா கீதுன்னு கேட்டாங்க” என்றான்.

அந்த வாரக் கடைசியில் வேன் வந்தது. லோடு வருகிறது என்று அம்சவல்லி ஓடிப்போய்த் தட்டியைத் திறந்தாள். கன்னியப்பனுக்குப் பக்கத்தில் இராமச்சந்திரன் உட்கார்ந்திருந்தார். எப்போதும் ஷெட்டுக்குள் வந்ததும் “பரசு, மோர் இருக்கா?” என்று கேட்கிறவர், அன்றைக்கு வாசலிலேயே செருப்போடு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பரசுராமனை நீ என்று பேசிப் பழகினவர் நீங்கள் என்று பேசினார்.

“டை ரெண்டையும் எடுத்துக்கறேன். ரப்பர் சீட்டும் மிச்சம் இருந்தா ஏத்திடுங்க.”

பரசுராமன் பிரஸ் பக்கத்தில் நின்றிருந்தான். இருந்த கொஞ்சத் தகட்டைப் போட்டு அன்றைக்கு ஒரு பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது.

“உள்ள ஒரு ஹீட்டு வெந்துகினு கீது சார். அத எடுத்துட்றேன். நடுவுல தொறந்தா வீணாப் பூடும்” என்றான்.

அவர் சரி என்றார். அது வேகும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு வேன் டயரை உதைத்துக்கொண்டிருந்தான். ரத்னா மூலையில் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்சவல்லிக்குத்தான் பொறுக்கவில்லை. போகச் சொன்னது நான்தான் சார், அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று ஆரம்பித்து, எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்று அழுதுவிட்டாள்.

இராமச்சந்திரன் குரலை உயர்த்தாமலே சொன்னார்.

“உங்களப் பத்தி நான் ஏன்மா அங்க சொல்லாம இருந்தேன்? மறைக்கணும்னா? சொன்னா ஆள் வந்து செக் பண்ணுவான். டெஸ்ட் மிஷின் எங்கேம்பான், அது எங்கேம்பான். உங்களால முடியாது, நிறுத்துன்னுடுவான். அதுக்குத்தான் என் பேர்லயே ஓட்டினேன். இப்போ எனக்கே லெட்டர் போட்டுட்டான். வெளிய குடுத்தது இருந்தா உடனே உள்ள கொண்டுவான்னு. இல்லன்னா மொத்த ஆர்டரும் கட். எனக்கு அவன் ஒருத்தன்தாம்மா. பத்து பிரஸ்ல ஆறு சும்மா நிக்குது.”

அவர் கண்ணும் சரியாக இல்லை என்பதை அம்சவல்லி அப்போதுதான் பார்த்தாள். தாடி மழிக்காமல் இருந்தது. கோபத்தோடு வந்தவர்போல முதலில் தெரிந்தவர், பயந்துபோய் வந்தவராகத் தெரிந்தார். அவரைத் திட்டலாம் என்று அவளுக்கு இருந்த ஒரே ஆறுதலும் போயிற்று.

வெந்ததற்கு பிரஸ்ஸின் மணி அடிக்கவும் பரசுராமன் அழுத்தத்தை இறக்கிவிட்டு அச்சை இழுத்தான். பித்தளைக் கம்பியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தான். அவசரப்படவில்லை. எடுத்ததைக் கூடையில் போட்டு ரத்னாவிடம் தள்ளினான். அவளும் வழக்கம்போல வெட்ட ஆரம்பித்தாள். ஆறாத அச்சைச் சாக்கில் சுற்றி, அவனும் கன்னியப்பனும் இரண்டு பக்கம் பிடித்து வேனில் ஏற்றினார்கள். மற்றதையும் ஏற்றினார்கள். ரத்னா வெட்டி முடித்த ரப்பரையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள்.

ஏறி உட்கார்ந்தபின் இராமச்சந்திரன் கண்ணாடியை இறக்கினார்.

“அம்பத்தூர் வந்துடுங்க. ஒரு பிரஸ்ல நிக்க வெக்கிறேன். ஓடறது நாலுதான். ஆனா உங்களுக்கு ஒண்ணு தரேன்.”

“பாக்கறேன் சார்” என்றான் பரசுராமன். பார்க்கப் போவதில்லை என்பது அவன் சொன்னதிலேயே இருந்தது.

மறுநாள் காலையிலும் ரத்னா வந்தாள். அம்சவல்லி அவளை ஷெட்டுக்குள் விடாமல் வீட்டுக்கு அழைத்துப்போய்க் கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இனிமேல் வராதே என்று சொன்னாள். எப்படிச் சொல்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்திருந்தாள். சொல்லும்போது நேற்று இராமச்சந்திரன் நின்ற மாதிரியே வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ரத்னா கூழைக் குடித்து முடித்துச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “சரிக்கா” என்று போனாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தது. ஷெட்டில் தண்ணீர் புகுந்தது. அதைக்கூட இறைக்காமல் பரசுராமன் ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் என்று வேலை கேட்டு நாலைந்து இடம் போய்ப் பார்த்தான். எல்லாரும் தாங்கள் இன்னொருவருக்குச் செய்து கொடுப்பதாகவும், அந்த இன்னொருவர் நிறுத்தியிருப்பதாகவும் சொன்னார்கள். பிரஸ்ஸை விற்கலாம் என்று பார்த்தால், ஓட்ட வேலையில்லாத வருஷத்தில் பிரஸ் வாங்குகிறவன் யார்? கடைசியில் பழைய இரும்புக்காரன் ஒருவன் எடைக்குக் கேட்டான். அந்தப் பணத்தைக் கடனுக்கு எடுத்துக்கொள்வதாகப் பேங்கில் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். டிராக்டர் டிரெய்லரில் இரண்டையும் ஏற்றும்போது தெருவே வந்து பார்த்தது. கோவிந்தம்மா மூக்கைச் சிந்தினாள். பரசுராமன் கூடவே நின்று, கயிறு எங்கே கட்ட வேண்டும், எந்தப் பக்கம் பாரம் சாயும் என்று சொல்லிக் கொடுத்தான். வண்டி ஏரிக்கரை ஏறி மறைந்த பிறகு உள்ளே போய்ப் படுத்தவன், மறுநாள் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

கார்த்திகை பிறந்த சமயம் கோவிந்தம்மா ஒரு சேதி கொண்டுவந்தாள். ரத்னா வீட்டு வாசலில் மெட்டடார் நிற்கிறதாம். அம்பத்தூரிலிருந்து மூட்டை மூட்டையாக டேங்க் ரப்பர் இறங்குகிறதாம்.

நடந்தது இதுதான். ரத்னா வேறு வழியில்லாமல் ஒருநாள் பஸ் பிடித்து அம்பத்தூருக்கே போய், கேட்டில் நின்று, கன்னியப்பனைப் பிடித்து, இராமச்சந்திரனைப் பார்த்திருக்கிறாள். தொழிற்சாலைக்குள் பிசிறு வெட்டுகிறவர்களுக்கு இஎஸ்ஐ, பிஎஃப் எல்லாம் கட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு அனுப்பினால் அது கிடையாது. கூலியும் குறைவு. பிரஸ் எங்கே ஓடுகிறது என்றுதான் மொபெட் கம்பெனி பார்க்கும், பிசிறைக் கேட்காது. அவருக்கும் அது தோதாக இருந்தது. கொடுத்துவிட்டார்.

அம்சவல்லிக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. நம் சோற்றைத் தின்றுவிட்டு நமக்குத் தெரியாமல் அவரிடமே போய் நின்றிருக்கிறாளே என்று ஆற்றாமல் பேசிக்கொண்டே இருந்தாள். திண்டாட்டத்திலும் அவளை நான் நிறுத்தாமல் வைத்திருந்தேனே என்றாள். பரசுராமன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் திரும்பிச் சொன்னான்.

“நான் செங்கல்பட்டுக்குப் போனேனே, அது இன்னா?”

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

“அதேதான் அவளும் பண்ணிகீறா. அவளுக்குக் கெடச்சிடுச்சி. நமக்குக் கெடைக்கல. நடுவுல நின்னவன் நான்தானே அம்சா? மேல இருக்கறவனுக்கு ஆர்டர் கீது. அவளுக்குக் கையி கீது. என்னாண்டதான் ஒண்ணும் இல்ல.”

அவ்வளவு நாளில் அவன் அதிகமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

பிறகு ஒரு வாரம் போயிருக்கும். வீட்டில் அரிசி இல்லை. அரவைக்கு வைத்திருந்த கேழ்வரகும் தீர்ந்தது. அண்ணன் வீட்டில் போய் நிற்க அம்சவல்லிக்கு மனம் வரவில்லை. அறுப்பு இன்னும் வரவில்லை, மழையில் களை வேலையும் இல்லை. ஒரு காலை, பரசுராமன் எழுவதற்கு முன்னால், தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ரத்னாவின் வீட்டுக்குப் போனாள். கூரை ஒழுகுகிற இடத்தில் அலுமினியச் சட்டி வைத்திருந்தது. ரத்னா நடுவில் மூட்டையைப் பிரித்துப்போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். அம்சவல்லியைப் பார்த்ததும் திருடிப் பிடிபட்டவள்போல எழுந்து நின்றாள். நான் வந்து சொல்லணும்னு இருந்தேன் அக்கா, எந்த முகத்தோடு வருவது என்று இருந்துவிட்டேன் என்றாள்.

“அத்த வுடு” என்றாள் அம்சவல்லி. “நீ ஒருத்தியா அத்தினியும் வெட்ட முடியுமா?”

“முடியலக்கா. ராவெல்லாம் உக்காந்தாலும் தீரல.”

“அப்போ நகரு.”

ரத்னா பாயைத் தட்டி, ஒழுகாத பக்கத்தில் விரித்துக் கொடுத்தாள். அம்சவல்லி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மத்தியானம்வரை வெட்டினார்கள். கூலியில் தான் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று ரத்னா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவரவர் வெட்டினது அவரவருக்கு என்று அம்சவல்லி முடித்துவிட்டாள்.

அவளைத் தேடிக்கொண்டு பரசுராமன் அங்கே வந்தான். வாசலில் நின்று உள்ளே பார்த்தான். அம்சவல்லி எழுந்திருக்கவில்லை. அவன் குனிந்து ஒரு ரப்பரை எடுத்து நகத்தால் அழுத்தினான். நகம் பதிந்த இடம் எழாமல் நின்றது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் அப்படியே.

“வேகல” என்றான். “அவசரத்துல எடுக்கறான் எவனோ. டேங்க் வெச்சா ஒரு வருஷம் தாங்காது.”

இரண்டு பெண்களும் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அவன் வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தான். மறுநாள் காலை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்ளாமல், ஷெட்டில் போடுகிற கறை படிந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். அம்சவல்லி தூக்கில் பழைய சோறும் வெங்காயமும் போட்டுக் கொடுத்தாள். பூந்தமல்லி பஸ்ஸுக்கு ரோட்டை நோக்கி நடந்து போனான். இராமச்சந்திரன் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு பிரஸ் கொடுத்தார். ஆனால் புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு என்ன கூலியோ அதுதான். முன்னால் அவனுக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட ஒருவன் அங்கே சார்ஜ்மேனாக இருந்தான். அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டான். சாயங்காலம் வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வான். பெங்களூர் ரோட்டில் மொபெட் போனால் நின்று பார்ப்பதில்லை என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். நானும் கவனித்தேன், உண்மைதான்.

தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள், ரத்னா வீட்டுக்கு மூட்டை எடுக்க வேனில் கன்னியப்பனோடு அம்பத்தூரிலிருந்து புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். எத்தனை பேர் வெட்டுகிறார்கள் என்று பார்த்துப் போக அனுப்பியிருந்தார்கள். கன்னியப்பன் வேனிலேயே இருந்துகொண்டான். சூப்பர்வைசர் வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். ரப்பர் ஒட்டாமலிருக்கத் தூவுகிற மாவுப் பொடி படிந்த முழங்கையோடு கீழே குனிந்து வெட்டிக்கொண்டிருந்த அம்சவல்லியைக் காட்டி, ரத்னாவிடம், இவங்க யாரு என்று கேட்டார்.

“எங்க ஓனரம்மா சார்” என்றாள் ரத்னா.

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். ஓனரம்மாவுக்கும் சேர்த்து அடுத்த தடவை கூட ஒரு மூட்டை அனுப்பச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ரத்னா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“வாயில வந்துடுச்சிக்கா” என்றாள்.

அம்சவல்லி கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

“பரவால்ல. அந்தக் கோணிய இப்டி நவுத்து.”